கணக்கில் சேராத எண்பத்தொன்று

தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், கார் ஆரியங்காவைத் தாண்டும்போதுதான் ஜெயபிரியா அந்தக் கேள்வியைக் கேட்டாள். இரண்டு நாளாக மனசுக்குள் கிடந்த கேள்வி. கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

"அண்ணே, இந்த ஸ்கோர்ல இவுக பேருக்கு நேரா உள்ள நம்பர் மட்டும் ஏன் மங்கலா இருக்கு?"

ஒலி முகம்மது வண்டியை ஓரங்கட்டி அவள் நீட்டிய செல்போனை வாங்கிப் பார்த்தான். அவனும் அவள் கணவன் புவனேஷும் ஒன்றாக ராணுவத்தில் சேர்ந்தவர்கள். வெல்லிங்டனில் அதிகாரிகள் அடித்த கோல்ஃப் பந்துகளைப் புதருக்குள் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு இருவருமாகத்தான் முதலில் போனார்கள். ஒலி முகம்மது பதினைந்து வருஷத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்து தென்காசியில் டாக்ஸி ஓட்டுகிறான். புவனேஷ் அந்தப் பந்தின் பின்னாலேயே நடந்து நடந்து, இப்போது மலேசியாவில் நடந்த பன்னாட்டு அமெச்சூர் அணிப் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் போன மூன்று பேரில் ஒருவனாகிவிட்டான்.

"மங்கலா இருந்தா அது கணக்குல சேரலன்னு அர்த்தம் தங்கச்சி. மூணு பேரும் ஆடுவாங்க. அன்னன்னைக்கு யாரு ரெண்டு பேரு குறைச்ச அடியில முடிச்சாங்களோ, அவங்க ரெண்டு பேரோடதை மட்டும் கூட்டுவாங்க. மூணாவதை விட்டுருவாங்க." அவன் திரையை விரலால் நகர்த்தினான். "புதன் எழுபத்தொண்ணு, வியாழன் எழுபத்திரெண்டு. ரெண்டும் சேந்திருக்கு. வெள்ளி எண்பத்தொண்ணு, சனி எண்பது. ரெண்டும் சேரல. ஏன் இப்படி ஆடுனான்னு தெரியலையே. எண்பத்தொண்ணு அடிக்கிற ஆளா அவன்?"

"மூணாவது ஆளு இல்லாமப் போனா?"

"என்ன ஆவும்? ரெண்டு பேரு இருக்காங்கள்லா. அந்த ரெண்டையும் கூட்டிக்கிடுவாங்க."

ஜெயபிரியா போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

கிளம்பும்போது புவனேஷ் பெருமையாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான் அவள் காதில் நின்றிருந்தது. "மூணே பேரு ஜெயா. மாத்து ஆளு கிடையாது." ஒருத்தர் விழுந்தால் மொத்த அணியும் விழுந்துவிடும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கல்யாணமான பதினோரு வருஷத்தில் இந்த விளையாட்டைப் பற்றி அவள் அவனிடம் எதுவுமே கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலையில் மாமனார் சிவனணைந்தபெருமாளுக்கு நெஞ்சு வலித்தது. போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். இந்திய அணியின் நீலக் கோட்டில் மகன் நிற்கும் படத்தை மேலகரத்தில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்திருந்தார். "சின்னப் பந்தை அம்புட்டுத் தூரம் அடிக்கானாம். பொறவு அதுக்குப் பின்னால அவனே நடக்கானாம். பக்கத்துலயே போட்டா என்ன?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதும் அவருக்கு அந்த ஸ்கோர்தான். மாமியார் தங்கத்தாய் காபி வாங்கக் கீழே போயிருந்த நேரம்.

"மாமா, அவுகளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரட்டா?"

"எதுக்கும்மா? வாயுவா இருக்கும். அவன் முடிச்சிட்டு வரட்டும்."

மத்தியானம் இரண்டரை மணிக்கு அவர் போய்விட்டார்.

அழுகைக்கு நடுவே தங்கத்தாய் கேட்ட முதல் வார்த்தை, "எம்புள்ளைக்குச் சொல்லியாச்சா?" என்பதுதான். ஜெயபிரியாதான் மறித்தாள். "வேண்டாம் அத்தை. அவன் முடிச்சிட்டு வரட்டும்னு மாமா சொல்லிட்டாவ." அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னது நோவுக்கு. அவள் அதைச் சாவுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

தங்கத்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நாப்பத்திரெண்டு வருஷம் கூட இருந்தேன். எங்கிட்டச் சொல்லாம உங்கிட்டச் சொன்னாவளாக்கும்." அதன் பிறகு அவள் மருமகளிடம் பேசவில்லை.

புவனேஷுக்கு யாரும் போன் செய்யக் கூடாது என்று ஜெயபிரியா ஒவ்வொருவரிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவனே கூப்பிட்டான். முன்னறையில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அவன் அப்பா. சுற்றிலும் பெண்களின் ஒப்பாரி. அவள் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"என்ன ஜெயா சத்தம்?"

"பைப்பு திறந்திருக்கு. துணி ஊறப் போடுதேன்."

"அப்பா என்ன செய்யுதாவ?"

"தூங்குதாவ."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள். போகவில்லை.

"சரி. எழுப்பாதே," என்றான்.

வாளி நிரம்பி வழிந்து காலை நனைக்கும்வரை அவள் அப்படியே நின்றாள்.

மறுநாள் உச்சிக்குள் எல்லாம் முடிந்தது. கொள்ளி வைத்தது புவனேஷின் பெரியப்பா மகன் மாரி. மூன்று வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவன், ஓடியாடிப் பாடை முதல் போஸ்டர் வரை அவனேதான் பார்த்தான். ஜெயபிரியா அவனிடம் கேட்டது ஒன்றுதான். "கொழுந்தனாரே, அஸ்தியை மட்டும் வச்சிருங்க. அதையாவது அவுக வந்து கரைக்கட்டும்."

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒலி முகம்மது கார் பக்கத்திலேயே நின்றுகொண்டான். "நீயே சொல்லு தங்கச்சி. நான் நின்னா அவன் அழ மாட்டான்."

மட்டைகள் அடங்கிய நீளப் பையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு புவனேஷ் வெளியே வந்தான். அணியின் நீலத் தொப்பி. முகம் கறுத்திருந்தது. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் முதல் வார்த்தையை எடுக்க அவள் வாயைத் திறந்தாள்.

அவன் தொப்பியைக் கழற்றினான்.

மொட்டைத் தலை. புதிதாகச் சிரைத்தது. நெற்றிக்கு மேல் வெயில் படாத தோல் வெளுத்துத் தெரிந்தது.

"நேத்து ஆட்டம் முடிஞ்ச பொறவு எடுத்தேன்," என்றான். "அங்கன ஒரு தமிழ்க்காரர் சலூன் இருக்கு. பழனிக்கான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர்களும் போகிறவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தென்மலை தாண்டி, ஒலி முகம்மது டீ குடிக்கிறேன் என்று இறங்கிப் போனபோதுதான் புவனேஷ் தன் போனை எடுத்துக் காட்டினான். வியாழக்கிழமை மாலை மாரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. நடுவில் காக்கி உடுப்பில் மாமனார். கீழே துயரத்தில் பங்குகொள்ளும் பெயர்களில் முதல் பெயர்: மகன் புவனேஷ், இந்திய கோல்ஃப் அணி.

யாரையும் பேச விடாமல் தடுத்த அவளுக்குப் போஸ்டர் நினைவுக்கு வரவில்லை. தென்காசியில் சாவு என்றால் முதலில் போஸ்டர்தானே என்பது அவளுக்குத் தெரியாததா?

"எங்கப்பா செத்துட்டாவன்னு எம் பேரைப் போட்டு எனக்கே சொல்லியிருந்தான்," என்றான் புவனேஷ். "அதைப் பாத்துட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

"அப்போ நான் சொன்னது..."

"பையைக் கட்டி வச்சிட்டேன் ஜெயா. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஃப்ளைட். மேனேஜர் சார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ சொன்னவுடனே கிளம்பணும்னு உக்காந்திருந்தேன். நீ தூங்குதாவன்னே." அவன் வெளியே மலையைப் பார்த்தான். "அப்பா சொல்லாம நீ அப்படிச் சொல்ல மாட்டேன்னு நினைச்சேன். அவுக விருப்பம் அதுதான் போலன்னு பையைப் பிரிச்சிட்டேன். காலையில போய் நின்னா பந்தே தெரியல. எத்தனை அடி அடிச்சேன்னுகூட எங்கூட ஆடுனவன்தான் எண்ணிச் சொன்னான்."

டீக்கடைப் பக்கம் ஒலி முகம்மது இரண்டாவது டீ சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்பா அப்படித்தானே சொன்னாவ?" என்று கேட்டான் புவனேஷ்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் அதை ஆயுசுக்கும் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவான். அது அவளுக்குத் தெரிந்தது. குளியலறைக் குழாய்ச் சத்தமும் காதில் கேட்டது.

"முடிச்சிட்டு வரட்டும்னு சொன்னாவ," என்றாள். "ஆனா வாயுன்னு நினைச்சுச் சொன்னாவ. சாகப் போறோம்னு தெரிஞ்சு சொல்லல. மீதியெல்லாம் நானா முடிவு பண்ணினது. நீங்க வந்துட்டா ஆட்டமே நின்னு போவும்னு நினைச்சேன். உங்க கணக்கை விட்டுருவாங்கன்னு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

அவன் தலையை முன்சீட்டில் சாய்த்துக்கொண்டான். மொட்டைத் தலை குலுங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட வேண்டும் போல இருந்தது. தொடவில்லை.

குற்றாலத்தில் பேரருவி அளவாக விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்புகள், சிப்ஸ் வறுக்கும் மணம், ஈரத் துண்டோடு குளிக்க இடம் தேடுகிறவர்கள். அருவிக்குக் கீழே, ஆறாகத் தண்ணீர் ஓடத் தொடங்கும் இடத்தில், சிவப்புத் துணி கட்டிய கலயத்தோடு மாரி நின்றான். படியில் தங்கத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

மகனின் தலையைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். அழுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை.

"மொட்டை எப்பம்லே எடுத்தே?"

"நேத்து."

"அப்போ உனக்கு முன்னாலயே தெரியும்."

புவனேஷ் மனைவியைப் பார்க்காமல் சொன்னான். "ஜெயா அன்னைக்கே சொல்லிட்டாம்மா. நாந்தான் வரல."

மாரி கலயத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டான். தங்கத்தாயின் முகம் ஒரு கணத்தில் இறுகிவிட்டது. நான்கு நாளாக மருமகள்மேல் இருந்த கோபம் அப்படியே மகன்மேல் திரும்புவதை ஜெயபிரியா கண்ணால் பார்த்தாள். சும்மா இருந்தால் அவள் தப்பித்துக்கொள்ளலாம். அதைத்தான் அவன் கொடுக்கிறான்.

"இல்ல அத்தை," என்றாள். "நான் சொல்லல. அவுக போன் போட்டுக் கேட்டாவ. மாமா தூங்குதாவன்னு பொய் சொன்னேன். போஸ்டரைப் பாத்து அவுகளே தெரிஞ்சுக்கிட்டாவ."

தங்கத்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருல யாரு பொய் சொல்லுதீங்கன்னு எனக்கு வேண்டாம்," என்றாள். "மனுசன் வாசலைப் பாத்தபடியே கிடந்து போனாவ. போ. போயி அதைக் கரை."

புவனேஷ் சட்டையைக் கழற்றினான். தொப்பியை ஜெயபிரியாவின் கையில் கொடுத்துவிட்டுக் கலயத்தை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். இடுப்பளவு ஆழத்தில் நின்று துணியை அவிழ்த்தான். சாம்பல் முதலில் ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது. பிறகு ஓட்டத்தில் சேர்ந்துகொண்டது. அவன் மூன்று முறை முங்கினான். மூன்றாம் முறை எழுந்து வர நேரமானது. மாரி ஒரு படி இறங்கினான். பிறகு தலை தெரிந்தது.

காற்று திரும்பி அருவிச் சாரல் படியில் நின்றவர்கள்மேல் அடித்தது. ஜெயபிரியாவின் கையில் இருந்த தொப்பியில் நான்கு நாள் வியர்வையின் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. அதன்மேல் துளித்துளியாக நீர் விழுந்தது. அவளுக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை.

"அதை இங்கன குடு," என்றாள் தங்கத்தாய். "நனையுது."

நான்கு நாளில் மருமகளிடம் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது. தொப்பியை வாங்கி முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். மருமகளை அவள் பார்க்கவில்லை. ஆனால் விலகியும் நிற்கவில்லை. தண்ணீருக்குள் நிற்கிற அவனையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்குக் கரையேற மனசு வரவில்லை.