ரெண்டாவதுதான் சிடி

சரவணகுமார் வேப்பமரத்தில் பாதி ஏறி, ஒலிபெருக்கிக் குழாயைக் கிளையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து தாய்மாமன் துரை கூப்பிட்டார்.

"எறங்குடா. இன்னா பண்ணிக்கினு கீற?"

"குழா கட்றேன் மாமா. ஆம்புலன்ஸு செங்கல்பட்டு தாண்டிட்ச்சாம்."

"நம்ம செட்டு நம்ம வூட்டுச் சாவுக்குப் பாடக்கூடாதுடா. உங்க பெரியப்பன் போனப்ப உன் நைனா வயர்ல கை வச்சாரா? எறங்கு."

மைக் செட்டுக்காரர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டுக்காரனின் செட்டு பதினாறு நாள் கோணிக்குள் கிடக்க வேண்டும். வேறொரு செட்டுக்காரன் தன் சாமானைக் கொண்டுவந்து பாட வைப்பான். அவனை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. தகவல் போனால் போதும், வந்துவிடுவான்.

சரவணகுமார் இறங்கினான். கை மட்டும் சும்மா இருக்கவில்லை. அவிழ்த்த கயிற்றைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடியும் சுருட்டினான்.

அப்பா காசிநாதன் திருப்போரூரில் முப்பது வருஷம் செட்டு ஓட்டியவர். படூரில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி இறக்கியவர், இறக்கிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். மூன்று நாளும் சரவணகுமார் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாள் அவருக்கு நினைவில்லை. இரண்டாம் நாள் அம்மா பக்கத்தைவிட்டு நகரவில்லை. மூன்றாம் நாள், சொல்லிவிடலாம் என்று தைரியம் வருவதற்காக ஒரு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சொல்ல வேண்டியிருந்தது இரண்டு வருஷத்துக் கதை.

அப்பாவிடம் ஒரு சிடி பிளேயர் இருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் பழைய சாமானைக் கழித்தபோது வாங்கியது. கறுப்புப் பெட்டி, தூக்கினால் அரிசி மூட்டை போலக் கனக்கும். சரவணகுமார் லேப்டாப் வாங்கி, வீட்டில் இருந்த சிடி தட்டுகளையெல்லாம் ஒன்று விடாமல் அதில் ஏற்றிவிட்டான்.

"ரெண்டுலயும் கீறது அதே நம்பருதான் நைனா. தட்டுலேர்ந்து வந்தா இன்னா, கம்ப்யூட்டர்லேர்ந்து வந்தா இன்னா?"

"நம்பரு ஒண்ணுதான்டா. வந்து சேர்ற வழி வேற. பஸ்ல வந்தவனும் ஓடி வந்தவனும் ஒரே மாரியா மூச்சு வுடுவான்?"

தேவனேரிக் குப்பத்துத் திருவிழாவில் ஒரு மத்தியான நேரம் இந்தப் பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. சரவணகுமார் இரண்டையும், நம்பரை ஒலியாக மாற்றும் ஒரே கன்வெர்ட்டர் பெட்டியில் செருகினான். ஆம்ப்ளிஃபையரும் ஒன்று, ஸ்பீக்கரும் ஒன்று. நடுவில் பந்தல் துணியைத் தொங்கவிட்டான். அதே நாதஸ்வரம் இரண்டு முறை பாடும். எது சிடி என்று அப்பா சொல்ல வேண்டும். வலையை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். அடுத்த ஊர்த் திருவிழாவுக்குச் செட்டு பேச வந்தவர்களும் நின்றார்கள்.

துணிக்குப் பின்னால் உட்கார்ந்ததும்தான் அவனுக்குப் பயம் வந்தது. அவர் சரியாகச் சொல்லிவிட்டால்? இரண்டு முறையும் லேப்டாப்பையே பாட வைத்தான்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு இரண்டு விரலைத் தூக்கினார்.

"ரெண்டாவதுதான் சிடி."

"தப்பு நைனா. மொதல்ல பாடுனதுதான்."

கூட்டம் சிரித்தது. "காசி அண்ணாத்த, காதுக்கு பேட்டரி மாத்து" என்றான் ஒருவன். அப்பாவும் சிரித்தார். கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மகன் கழுத்தில் மாட்டிவிட்டு, வண்டியில் மிச்சமிருந்த பெட்டியை இறக்கப் போனார். அதற்கப்புறம் அவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டி பக்கம் வரவேயில்லை. இரண்டு வருஷமும் பெட்டி தூக்கினார்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இடைவெளியில், முதுகுக்குப் பின்னால் அவர் நின்று கேட்பது போலச் சரவணகுமாருக்குத் தோன்றும். திரும்பிப் பார்ப்பான். அவர் எங்கோ தூரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார்.

ஆம்புலன்ஸும் கோவளத்துச் செட்டுக்காரர் நூர்முகமது பாயின் குட்டி யானை வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவுக்குள் நுழைந்தன. அப்பாவை இறக்கி, வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். பாய் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் குழாயைக் கட்டத் தொடங்கினார்.

அம்மா வசந்தா அழுகையை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"பாய், அவுருக்கு கம்ப்யூட்டர் பாட்டு வேணாம்."

"எங்கிட்ட இப்ப சிடியே இல்லம்மா. எல்லாம் லேப்டாப்புதான். உங்க வூட்டுப் பெட்டியத் தொடவும் கூடாது. இன்னா செய்யச் சொல்ற?"

அவள் முந்தானையால் புருஷன் நெற்றியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள்.

நாதஸ்வரம் தொடங்கியது. சரவணகுமார் பாயின் பக்கத்தில் போய் நின்றான். பாட்டுக்கு அடியில் ஏதோ ஓடியது. மூடிய டப்பாவுக்குள் வண்டு சுற்றுவது போல ஒரு சத்தம்.

"இரையுது பாய்."

"சார்ஜரு. பிடுங்கிட்டா அடங்கிடும். சிடில இது வராது. உங்க நைனா சொல்லித்தான் எனுக்கே தெரியும்." பாய் குனிந்து வயரைத் தேடினார். "அன்னிக்கி தேவனேரில நானுந்தான் இருந்தேன். ரெண்டு வாட்டியும் இது அடியில ஓடுச்சாம்."

"ரெண்டு வாட்டியுமா?"

பாய் நிமிரவில்லை. "ரெண்டு வாட்டியும்தான் தம்பி. வண்டில திரும்பி வர்றப்ப சொன்னாரு."

"அப்புறம் ஏன் ரெண்டாவதுன்னாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'எதுனா ஒண்ணு சொல்லணுமே பாய். எம் புள்ள, சனம் முன்னால நின்னுகினு கீறான். நாளைக்கு அவன்தான செட்டு ஓட்டணும்'னாரு."

பாய் சார்ஜரைப் பிடுங்கினார். இரைச்சல் நின்றது. நாதஸ்வரம் மட்டும் தெரு முழுக்க நிறைந்தது. சரவணகுமார் கையிலிருந்த கயிறு எப்போது கீழே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது.

பாடை தூக்கும்போது பாய் ஒரு குழாயை ஏரிக்கரைப் பக்கம், சுடுகாட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார். "பேட்டரி தாங்கற வரைக்கும் பாடட்டும்" என்றார்.

சுடுகாட்டில் வெயில் சாய்ந்திருந்தது. மார்பு வரை வறட்டி அடுக்கியாகிவிட்டது. "மொகம் பாக்கறவங்க பாத்துக்கங்க" என்று வெட்டியான் குரல் கொடுத்தான். ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கடைசியில் சரவணகுமார் குனிந்தான். அப்பாவின் இரண்டு காதுகளிலும் ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள்.

காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நாதஸ்வரம் கேட்டது.

அவன் இடது காதிலிருந்து பஞ்சை எடுத்தான்.

"இன்னாடா பண்ற?" என்றார் துரை.

வலது காதிலிருந்தும் எடுத்தான். எடுத்ததை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, குனிந்த நிலையிலேயே நின்றான். துரை அவன் தோளைத் தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். கடைசி வறட்டியை எடுத்த வெட்டியான் அதைக் கையில் வைத்துக்கொண்டே பாட்டு முடிவதற்காகக் காத்திருந்தான்.