குழாயில் பூசிய றெசின்

பள்ளிவாசல்துறையில் எங்கள் பட்டறை இருக்கிறது. பைபர் வள்ளங்களுக்குக் கண்ணாடி நார் விரித்து, அதன்மேல் றெசின் என்ற நெடிமிக்க பசையைப் பூசுவது வேலை. என் தங்கையின் புருஷன் நளீம் பதினாறு வருஷம் என் பக்கத்தில் நின்று பூசியவன். போன வருஷம் அவனுடைய நெஞ்சு இறுகிப்போனது. பீடியால் வந்ததென்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். நளீம் ஒரு நாளும் பீடியைத் தொட்டவனில்லை.

"மச்சான், மருந்துகூட வேணாம். இது பட்டறையால வந்ததெண்டு ஒரு கடதாசி வந்தாப் போதும்" என்பான்.

கொழும்பில் படிக்கிற நப்லா என்ற பிள்ளை வந்தாள்; அண்ணன் முறையில் என்னை நானா என்று கூப்பிட்டாள். மூச்சில் றெசின் ஆவி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதித் தருவாளாம். பட்டறைக் காற்று கலக்காதபடி வேலையில்லாத வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊதச் சொல்லி, ஒரு பையையும் குழாயையும் தந்துவிட்டுப் போனாள்.

நளீம் ஊதினான். பை உப்பவில்லை. குழாயின் பொருத்தில் வெடிப்பு, காற்றெல்லாம் அதால் போய்விட்டது. அவன் இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். திரும்பவும் வீணாக ஊதவிட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டை என்றால் எங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பட்டறைக்குப் போய்ச் சிரட்டையில் கொஞ்சம் றெசின் கொண்டுவந்து பூசினேன். காய்ந்தபின் ஊதினான். பை நிறைந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தான்.

பையையும் குழாயையும் கொழும்புக்கு அனுப்பினோம். பத்து நாளில் நப்லா அங்கிருந்து போன் எடுத்தாள்.

"நானா, குழாயில ஏதும் பூசினீங்களா?"

"ஓம் தங்கச்சி, காத்துப் போச்சு. றெசின் வெச்சு அடைச்சன்."

அதே குழாயால் சுத்தமான காற்றை விட்டுப் பார்த்தாளாம், அதிலும் றெசின் வந்ததாம். எது நளீமின் மூச்சில் இருந்தது, எது நான் பூசியது என்று பிரிக்க ஏலாதாம். புதுக் குழாயோடு வருவதாகச் சொன்னாள்.

நளீமிடம் நான் சொல்லவில்லை. கடதாசி வந்ததா என்று பின்னேரந்தோறும் கேட்டான். பிந்துதாம் என்றேன். இரண்டு கிழமையில் மூச்சடங்கி மவுத்தாகிவிட்டான். ஜனாஸா அடக்கத்துக்கு வந்த முதலாளி, பீடியை விடச் சொல்லியும் கேட்கவில்லை என்று பக்கத்தில் நின்றவரிடம் கவலையாகச் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் நப்லா வந்தாள். செய்தி கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, நீங்களும் அதே பட்டறைதானே, நீங்களாவது ஊதுங்கள் என்று புதுக் குழாயையும் பையையும் நீட்டினாள்.

ஊதினேன். ஒரே மூச்சில் பை நிறைந்தது.

"இதால வாற கடதாசி நளீமுக்கும் சேருமா தங்கச்சி?"

"இல்ல நானா. இது உங்கட மூச்சு மட்டும்தான்."