பெரிய சர்வரில் தம்பியின் கணக்கு

எங்கள் கல்லூரியின் பெரிய சர்வர் என் பொறுப்பு. ஒரே வீட்டில் பல குடித்தனம் வைத்தது போல, அந்த ஒரு பெட்டிக்குள் பல கணினிகள் மென்பொருளாகவே ஓடும். அவற்றை நிர்வகிக்கும் மென்பொருளுக்கு ஒரு கெட்ட புத்தி. மெமரியை எடுக்கும், திருப்பித் தராது. விற்ற கம்பெனியைக் கேட்டால் "அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும் மேடம்" என்பார்கள். அந்த அடுத்த வெர்ஷன் வந்தபாடில்லை. அதனால் வாராவாரம் எல்லாக் கணினிகளையும் பக்கத்துச் சிறிய சர்வருக்குக் குடிமாற்றிவிட்டு, பெரியதை ஒருமுறை அணைத்துப் போடுவேன். மெமரி மொத்தமும் திரும்பிவிடும். ஒட்டுப்போட்ட வேலைதான், ஆனாலும் வண்டி ஓடியது.

என் தம்பியின் கணக்குதான் சிக்கலாகிவிட்டது. அவன் இதே கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். எவ்வளவு மழை பெய்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று வாரக்கணக்கில் ஓடுகிற கணக்கு அது. அவனுடைய கணினி சிறிய சர்வரில் அடங்காது. ஆகவே கணக்கு முடியும்வரை பெரியதை அணைக்க வழியில்லை. மறுநாள் கமிட்டி முன்னால் அவன் முடிவைக் காட்டியாக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கியாயிற்று. இந்த முறை வெறுங்கையோடு போனால் படிப்பே போச்சு.

காலையில் வந்து என் மேஜை ஓரத்தில் நின்றான்.

"அக்கா, மெமரி ரொம்பக் கம்மியா இருக்கு. இப்பவே நிறுத்திடலாமா? நிறுத்தினா மறுபடி தொடர முடியாது, ஆனா இதுவரைக்கும் வந்ததை சேவ் பண்ணிக்கலாம். பாதி இருந்தாக்கூட கமிட்டி ஒத்துக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. என் சர்வரை என்னிடமே சந்தேகப்படுகிறான்!

"பாதியாம் பாதி! இத்தனை நாள் ஓட்டினது பாதியைக் காட்டவா? சாயங்காலம் முடிஞ்சிடும். என் தலையைத் தின்னாம போய் வேலையைப் பாருடா."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் குரலை உயர்த்தினால் அடங்கிவிடுவான். அன்றைக்கு மட்டும் எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?

சிறிய சர்வருக்குக் குடிமாற்றவும் கொஞ்சம் மெமரி செலவாகும்; அதனால் அவனுக்கு இடம் வேண்டுமென்று மற்ற கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். வருகைப்பதிவு, நூலகத் தேடல், விடுதி அறிவிப்பு. போன் மேல் போன். நூலகர் நேரிலேயே வந்துவிட்டார்.

"என்னம்மா, ஒரு புத்தகம்கூட தேட முடியல?"

"அலமாரியில கண்ணால தேடுங்க சார், ஒரு நாள்தானே!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், நல்ல மனிதர்.

மெமரி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிக்கடி அதைப் புதுப்பித்துப் பார்த்தேன். சாப்பிடக்கூடப் போகவில்லை. விடுவித்த இடமெல்லாம் கண்ணெதிரே கரைந்தது. பயத்தில் இன்னும் வேகமாகப் புதுப்பித்தேன். கடைசியில் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

எடுத்தவன் நிதானமாகக் கேட்டான். "மேடம், ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தே வெச்சிருக்கீங்களா?"

"பின்ன? பார்க்காம எப்படி இருக்கிறது?"

"அதை மூடிடுங்க மேடம். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும்தான் அந்த மெமரி போகுது. பார்க்காம விட்டிருந்தா இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருக்கும்."

மவுஸை எடுப்பதற்குள் திரை உறைந்தது. மெமரி தீர்ந்தால், சர்வர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே இருப்பதில் பெரியதை அடித்து நிறுத்திவிடும்; எதையும் சேவ் பண்ண அவகாசம் தராது. உள்ளே இருந்ததில் பெரியது என் தம்பியுடையது.

படிக்கட்டில் அவனைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் பார்த்துப் பார்த்தே கெடுத்தேன் என்பதையும் சொன்னேன். திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"சரி விடுக்கா," என்றான். "சாப்பிட்டியா நீ?"

வீட்டில் அம்மா தட்டு வைத்துக்கொண்டே கேட்டாள். "என்னடா, கணக்கு முடிஞ்சுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "இல்லம்மா, நின்னு போச்சு. என் புரோகிராம்லதான் ஏதோ தப்பு."

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் நங்கென்று போட்டாள். "எத்தனை தடவைடா தவணை கேட்ப? அக்காவைப் பாரு. உனக்காக நாள் பூரா சாப்பிடாம உக்காந்திருக்கா, டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்திருக்கு. அவளுக்கு இருக்கிற பொறுப்புல கால்வாசி உனக்கு இருந்தா உருப்பட்டிருப்ப."

அவன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். அம்மா என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி அள்ளி வைத்தாள். சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். வேண்டாம் என்று அவன் கண்ணாலேயே சொன்னான். நான் சொல்லவில்லை. வைத்ததை முழுவதும் சாப்பிட்டேன்.