விருந்தாளி அடுக்கிய அலமாரி

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டுக் கிளம்பும்போது, "என் வீடு மாதிரியே இருந்துச்சு" என்று உருகினேன். "எங்களுக்கும் உன் வீடு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அந்தக் குத்தலில் பிறந்தது இந்தக் கதை. இதில் வரும் யாரும் நானில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். செய்தாலும் நீங்கள் நம்பப் போவதில்லை.

2

எப்படி ஆரம்பிப்பது?

"விமானம் தரையைத் தொட்டதும் அவள் கண்களில்……"

வேண்டாம். வெளிநாடு போனவர்கள் கதையெல்லாம் விமானத்தில் ஏறித்தான் வருகின்றன.

"அந்நிய மண்ணின் குளிர் அவள் எலும்பை……"

அடித்துவிட்டேன். ஸ்வெட்டர் போட்டால் தீர்ந்துபோகிற பிரச்சினைக்குக் கதை எதற்கு?

"இரண்டு வாரம் என்று சொல்லி வந்தவளுக்கு இது ஆறாவது வாரம்."

இது நிற்கட்டும். படித்ததும் உங்களுக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறதல்லவா? எனக்கு அது போதும்.

3

வந்தவள் மருந்தாளுநர். வெளிநாட்டு ஊர் ஒன்றில், ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் இரண்டு வருட ஒப்பந்த வேலைக்கு வந்திருக்கிறாள். உரிமத் தேர்வை முதல் முறையிலேயே முடித்தவள். வந்த ஐந்தாம் நாளே யாரிடமும் வழி கேட்காமல், இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்ச் சேர்ந்தவள். ஆள் கெட்டி. தனக்கென்று ஓர் அறை கிடைக்கும்வரை கல்லூரித் தோழி வீட்டில் இருக்கிறாள். அந்தத் தோழிக்கு விடுதியில் வைத்த பெயர் ஹாரன். தொண்டை அப்படி. அவள் பிற்காலத்தில் பஸ் டிரைவராகவே ஆவாள் என்று யார் கண்டது? ஹாரனின் கணவர் பேக்கரியில் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷர். கதையில் அவருக்கு இடம் குறைவு; கோபித்துக்கொள்ள மாட்டார்.

சும்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கிடக்க மருந்தாளுநருக்கு மனசு ஒப்பவில்லை. முதல் ஞாயிறே சமையலறை அலமாரியை முழுக்க இறக்கி, மருந்துக்கூடத்து முறைப்படி அடுக்கிவிட்டாள். சீக்கிரம் காலாவதியாகிறது முன்னால், தாமதமாக ஆகிறது பின்னால். (சர்க்கரை ஒரு மூலைக்கும் டீத்தூள் வேறொரு மூலைக்கும் போனது அதனால்தான்.) மறுநாள் காலை பேக்கரிக்காரர் டீத்தூளைத் தேடித் தேடி அலுத்து, வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து, "சூப்பரா அடுக்கியிருக்கம்மா" என்றார். மரியாதை பார்த்தே கெட்டுப்போகிற ஜாதி நாம்.

ஆறாவது ஞாயிறு, குளியலறை மருந்துப் பெட்டி. தேதி முடிந்த இருமல் மருந்து, களிம்பு, ஒரு வெள்ளை டப்பா, எல்லாம் ஒரு பைக்குள் போயின. திங்கள் காலை ஆஸ்பத்திரியின் கழிவு மருந்துத் தொட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். அந்தத் தொட்டி வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. கை போட்டு முடித்த பிறகுதான் டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டு புத்தியில் ஏறியது. கருவுற்றவர்களுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை. ஹாரனின் பெயர். தேதி முடிந்து இரண்டு வருஷம். பாதி மாத்திரை அப்படியே இருந்தது.

அந்த வீட்டில் குழந்தை இல்லை.

4

இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்து நாலு நாள் எழுதாமல் இருந்தேன். அடுத்தவர் மருந்துப் பெட்டியைக் கேட்காமல் திறப்பாளா ஒருத்தி? திறப்பாள்.* நாலு வருஷம் ஒரே அறையில் இருந்து, ஒரே பக்கெட்டில் துணி ஊறவைத்தவர்கள். கேட்டுவிட்டுத் திறந்திருந்தால்தான் ஹாரன் கோபித்திருப்பாள்.

அவள் செய்த பிசகு வேறு. திங்கள் மாலையே வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மும்முரமாக அறை தேட ஆரம்பித்தாள். செவ்வாயன்று ஒன்று பார்த்தாள். ஜன்னலும் வெளிச்சமுமாகப் பிடித்துப்போனது. வெள்ளி மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லச் சொன்னார் வீட்டுக்கார அம்மாள். ஹாரனிடம் எதையுமே சொல்லவில்லை. இப்படியே நழுவினால் பதினைந்து வருஷச் சிநேகிதம் கையை விட்டுப் போய்விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை.

* நானும் திறந்திருக்கிறேன். கதை எழுதுகிறவர்கள் வீட்டுக்கு வந்தால் அலமாரியைப் பூட்டிவையுங்கள்.

5

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணி. ஹாரன் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"பாத்ரூம் பெட்டில ஒரு வெள்ளை டப்பா இருந்துச்சே, பாத்தியா?"

"தேதி முடிஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரில போட்டுட்டேன்."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"கேக்கலடி. தப்புதான்."

"தேதி முடிஞ்சது எனக்குத் தெரியாதா?" ஹாரனின் குரல் இவ்வளவு சின்னதாக இருந்து மருந்தாளுநர் கேட்டதில்லை. "பத்து வாரம்தான் இருந்துச்சு. ஒரு ஸ்கேன் படம் இல்ல, ஒரு துணி வாங்கல. அது இருந்ததுக்கு அந்த டப்பா ஒண்ணுதான்டி எங்கிட்ட இருந்துச்சு."

மருந்தாளுநர் கரண்டியை வைத்துவிட்டாள்.

"என்னைக்குப் பாத்த?"

"திங்கக்கெழம."

"அஞ்சு நாளா தெரிஞ்சுக்கிட்டே எங்கூட ஒக்காந்து சாப்ட்டிருக்க."

"கவுண்டர்ல நின்னு பழகிடுச்சு. சீட்டுல என்ன இருந்தாலும் யாரையும் எதுவும் கேக்க மாட்டோம்."

"நான் கவுண்டருக்கு வெளிய நிக்கற ஆளாடி உனக்கு?"

(இதற்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். "அப்படி இல்லடி, நான்……" மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன்.)

"நீயும் ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டாள் மருந்தாளுநர்.

"ஃபோன்ல சொல்றதா அது? நீ வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வந்ததுல இருந்து நீ அலமாரி அடுக்கிக்கிட்டே இருக்க."

6

மேஜைமேல் மருந்தாளுநரின் போன் அடிக்கிறது. வீட்டுக்கார அம்மாள்.

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்றில் அவள் அறையை எடுத்துக்கொள்கிறாள். தோழிகள் முதலில் வாரம் ஒருமுறை, பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் பேசிக்கொள்கிறார்கள். இன்னொன்றில் அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிடுகிறாள். முதலாவது எழுதச் சுலபம். இரண்டாவதை நானே நம்பவில்லை.

அதற்குள் ஹாரன் என்னைக் கேட்காமலே போனை எடுத்துவிட்டாள். அந்த அம்மாள் அறை விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டாள். அந்த ஊர் மொழியில், "அவ இப்ப பேசற நிலைமையில இல்ல. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் நேர்ல வர்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காரு" என்றாள்.

நாளை இருவரும் போய் அந்த அறையை எடுப்பார்களா, பார்த்துவிட்டுத் திரும்புவார்களா, அதை உங்களிடமே விடுகிறேன். எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் இப்போதே வேண்டாம். ஹாரன் இப்போதுதான் அழ ஆரம்பித்திருக்கிறாள்.