இலை ஆடாமல்

"ஒரு புழுவுக்குக் குடுக்கற மரியாதையைக் கூடப்பிறந்தவளுக்குக் குடுக்கறியாடீ நீ?"

"மெதுவா..."

"என்ன மெதுவா? இன்னிக்கு நான் வீட்டை விட்டே..."

"மெதுவாக்கா, இலை ஆடுது! அது புழு இல்ல இப்போ, கூட்டுக்குள்ள இருக்கு. பாரு, கூடு கறுத்து இறக்கைக் கோடு தெரியுது. இன்னிக்கு வெளிய வந்துரும்."

"நான் கிளம்பற நாள் பார்த்துத்தான் அது வரணுமா?"

"உன் மகன் வர்ற தேதி அதுக்குத் தெரியுமா?"

அக்காவும் தங்கையும் அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒன்பது வருஷம் இப்படியே பேசிப் பேசிக் காலம் தள்ளியவர்கள். பெரியவள் கணவர் போன பிறகு இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தவள். சின்னவள் கல்யாணப் பேச்சையே காதில் வாங்காமல் இருந்துவிட்டவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. இன்றைக்குப் பெரியவளை மகன் தன்னோடு அழைத்துக்கொண்டு போகிறான். ஒன்பது மணிக்கு வண்டியோடு வருவான். அந்த இரண்டு பெட்டியும் நேற்றே போயாயிற்று.

ஒரு மாதமாகப் பெரியவள் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்துவிட்டாள். அங்கே குளிராமே, என்றாள். அவன் வீட்டு மாடிப்படி செங்குத்தாமே, என்றாள். "உன் மகன், உன் இஷ்டம்" என்பதற்குமேல் சின்னவள் வாய் திறக்கவில்லை. போகாதே என்ற ஒரு சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. கூட்டைப் படம் எடுத்து முடியட்டும், படிக்கட்டில் இறங்கும்போது சொல்லிவிடலாம் என்று அன்று காலைதான் ஒருவழியாக மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தாள்.

"பாதிச் செடியைத் தின்னு தீர்த்தப்பவே கிள்ளி எறிஞ்சிருக்கணும் அந்தக் குண்டனை."

"குண்டன்னு பேர் வச்சதே நீதானே. எறிஞ்சிருப்பியாக்கும்!"

"சரி, கீழ வந்து என்னை அனுப்பி வைப்பியா, மாட்டியா?"

"வரேன்கா. கையைப் பிடிச்சு வண்டில ஏத்தி விடறேன், போதுமா? அதுவரைக்கும் இந்தக் கதவுகிட்ட நின்னு பேசாதே. நீ மூச்சு விட்டாலே எனக்குப் படம் கலங்குது."

"மூச்சையே நிறுத்திக்கறேன்டீயம்மா" என்று முனகிக்கொண்டே பெரியவள் உள்ளே போனாள்.

சின்னவள் தொலைபேசியின் வாயை அடைத்துக் கட்டிலில் போட்டாள். தன் நிழல் விழாத பக்கமாக, பால்கனிச் சுவரோரம் முக்காலியைப் போட்டு, வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். எதிரே எலுமிச்சைத் தொட்டி, அதற்குப் பின்னால் பால்கனிக் கதவு. செடிமேல் தண்ணீர் தெளித்தாள். கூட்டுக்குப் பக்கத்து இலை நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கியது.

அவளுடையது பழைய கேமரா. லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி, தானே செய்த வளையத்தால் இறுக்கியிருந்தாள். அப்படி மாட்டினால் எறும்பின் மீசைகூடத் தெரியும். ஆனால் நாலு விரல் தூரத்துக்குள் போயாக வேண்டும். அதிலும் தெளிவாக விழுவது ஒரு நூலிழை ஆழம்தான். முன்னும் பின்னும் எல்லாம் புகை. லென்ஸைத் திருகிப் பயனில்லை. முழங்கையை முட்டியில் ஊன்றி, உடம்பையே அரிசியளவு முன்னே பின்னே சாய்த்து, மூச்சை விட்டு முடித்த அந்த நொடியில் அமுக்க வேண்டும். பறந்துபோகிற எதையும் பதறவிடாமல் நெருங்க அவளுக்குத் தெரியும். கடையில்கூட, "நீங்க பக்கத்துல வந்ததே தெரியலம்மா" என்பார்கள்.

அமுக்கினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினாள். நடுவில் கூட்டுக்குப் பின்னால் மெல்லிய நீலம் ஒன்று வந்து படர்ந்தது. எங்கிருந்து வந்ததென்று அவள் யோசிக்கவில்லை. கறுத்த கூட்டுக்கு நீலம் எடுப்பாக இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சற்றுக் கழித்து அது விலகியது. அட, போச்சே என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

எட்டு நாற்பதுக்குக் கூடு பிளந்தது. ஈரத் துணியைக் கசக்கிப் போட்ட மாதிரி வந்த பூச்சி, குச்சியைப் பற்றிக்கொண்டு இறக்கையை விரிக்க ஆரம்பித்தது.

"அக்கா! குண்டன் வந்துட்டான், ஓடி வா! மணி ஆகலை, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு!"

உள்ளே சத்தமில்லை. அக்காவின் டீக் கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது. செருப்பு இல்லை. வீட்டுச் சாவி மேஜைமேல். சாத்தினால் கட்டிடமே அதிரும் அந்த வாசல் கதவு, சத்தமே காட்டாமல் சாத்தியிருந்தது. தொலைபேசியில் அக்கா மகனின் செய்தி: 'சித்தி, சீக்கிரமே வந்துட்டேன். நீங்க வேலையா இருக்கீங்களாம், தொந்தரவு பண்ண வேண்டாம்னு அம்மா சொன்னாங்க. கிளம்பிட்டோம்.'

முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். கை தன்பாட்டுக்குக் கேமராவில் படங்களைத் தள்ளியது. நீலம் வந்த படத்தில் நின்றது. இலை நுனிச் சொட்டைப் பெரிதாக்கினாள். சொட்டுக்குள் பால்கனிக் கதவு தலைகீழாக இருந்தது. கதவில், பயணத்துக்கென்று எடுத்து வைத்த நீல ஸ்வெட்டரில், கையில் பையோடு, அக்கா. அடுத்த படத்திலும் அக்கா. அதற்கடுத்ததில் பை கை மாறியிருந்தது. ஒன்றில் வாயைக் கையால் பொத்தியிருந்தாள்; இருமல் வந்திருக்கும். இருபத்துமூன்று படங்கள். எட்டு இருபத்தொன்றிலிருந்து எட்டு முப்பத்திரண்டு வரை. இருபத்துநாலாவதில் வெறும் கதவு.

போன் போட்டாள்.

"என்னடீ, வந்துட்டானா குண்டன்?" வண்டி இரைச்சலுக்கு நடுவே அக்கா.

"வந்துட்டான்."

"இறக்கை நல்லா இருக்கா?"

"இருக்கு."

"சரி, பத்திரமாப் பாத்துக்கோ."

சின்னவளுக்குத் தொண்டை முள் அசைந்தது. வெளியே வந்தது வேறு.

"பதினோரு நிமிஷம் நின்னிருக்கியேக்கா, ஒரு குரல் குடுத்தா என்ன?"