என் மனைவியின் இரண்டாம் விருப்பம்

தேநீரில் நனைத்த இஞ்சி பிஸ்கட் பாதியில் ஒடிந்து கோப்பைக்குள் விழுந்த அதே நொடியில், என் மனைவி மியூரியல் எங்கள் நாற்பத்தாறு வருட மணவாழ்க்கையை ஒரே மூச்சில் கவிழ்த்தாள். முதலில் எதை மீட்பது என்று தெரியாமல் கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் பக்கத்து வீட்டு புரூடென்ஸால் வந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் முறையை மாற்றலாமா என்று அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை நாடு முழுக்கப் பொது வாக்கெடுப்பு. மாற்றியே தீர வேண்டும் என்று எங்கள் தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தாள் புரூடென்ஸ். எங்கள் சமையலறை மேசையில் இஞ்சி பிஸ்கட், கிரீம் பிஸ்கட், ஓட்ஸ் பிஸ்கட் என்று மூன்று வேட்பாளர்களை நிறுத்தினாள்.

"இப்ப ஒருத்தருக்கு மட்டும் பெருக்கல் குறி போடுறோம். புது முறையில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பிடிச்ச வரிசையில நம்பர் போடணும். யாருக்கும் பாதிக்கு மேல வரலன்னா, கடைசியில இருக்கறவர் அவுட். அவருக்கு ஒண்ணு போட்டவங்களோட ஓட்டு, அவங்க ரெண்டு போட்டவருக்குப் போயிடும்."

ஓட்ஸ் பிஸ்கட் அவுட்டானது. அதை நான் தின்றேன். மியூரியலின் முகம் மலர்ந்தது.

"அட, இதுவா! நான் கல்யாணம் பண்ணிக்கிட்டதே இந்த முறையிலதான். ஒண்ணு டெஸ்மண்டுக்குப் போட்டேன். அவன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி அவுட்டாயிட்டான். ஓட்டு இந்தக் கிழவனுக்கு வந்துடுச்சு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மியூரியல் ஒரு கிரீம் பிஸ்கட்டைத் திருகிப் பிரித்து, கிரீம் ஒட்டிய பாதியைத் தன் வாயில் போட்டு, வெறும் பாதியை என் தட்டில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வருவது அந்த வெறும் பாதிதான். அன்றுவரை அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை.

டெஸ்மண்டை எனக்குத் தெரியும். ஊர் வாத்தியக் குழுவில் டிராம்போன் என்கிற நீளமான பித்தளைக் குழல் ஊதியவன். அவன் ஊதினால் கடற்கரையில் கடல்நாய்கள் கரையேறி வந்து அழும்.

அரசியலில் எனக்கு இருந்த ஒரே அக்கறை, ஓட்டுச்சாவடிக்குப் பக்கத்தில் பேருந்து நிறுத்தம் இருக்கிறதா என்பதுதான். ஓய்வுபெறும்வரை பேருந்து ஓட்டியவன் நான். அப்படிப்பட்டவன் மறுநாளே பழைய முறையின் தளபதியாகிவிட்டேன். முன்னறை ஜன்னலில் 'வேண்டாம்' என்று நான் ஒட்டிய சுவரொட்டியைப் பார்த்து வடகடலில் இரண்டு கப்பல்கள் திரும்பிப் போனதாகக் கேள்வி. பேருந்து நிறுத்தத்தில் நின்று நான் ஆற்றிய உரையில் மயங்கி மூன்று பேர் பேருந்தைத் தவறவிட்டார்கள். நான்காவது ஆளுக்குக் காது கேட்காது.

புரூடென்ஸ் சொல்லி விஷயம் தெரிந்த மதுக்கடைக்காரன் ஹார்வுட் என்னை விடவில்லை. "வாப்பா, ரெண்டாம் நம்பர்! நீ கேக்கற பீர் தீந்து போச்சு. அடுத்த விருப்பம் என்ன?" கடையே அதிர்ந்தது. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் மியூரியல் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு முன்னறை ஜன்னலோரத் தக்காளி நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். எனக்கு எந்த மெட்டும் டிராம்போனாகத்தான் கேட்டது.

"ஜன்னலை இப்படி அடைச்சு வெச்சா நாத்துக்கு எங்கேருந்து வெயில் வரும்?" என்பாள். இன்றைக்குத் தேர்தல் வைத்தால் ஒண்ணு யாருக்கு? அதைத்தான் நான் கேட்க வேண்டியிருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை, ஓட்டுச்சாவடியாகியிருந்த மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்துக்கு இருவரும் நடந்தே போனோம். போன வாரம் நடந்த இளவரசர் கல்யாணத்துக்குக் கட்டிய தோரணங்கள் இன்னும் வாசலில் ஆடிக்கொண்டிருந்தன. கயிற்றில் கட்டிய பென்சிலைப் பிடித்தேன். சீட்டில் இரண்டே கட்டங்கள்: 'வேண்டும்', 'வேண்டாம்'. வாரம் முழுக்க எண்களையே நினைத்துப் புழுங்கிய கை அது. 'வேண்டாம்' பக்கத்தில் ஒன்று என்று எழுதியது. நான் தடுப்பதற்குள் 'வேண்டும்' பக்கத்தில் இரண்டு என்றும் எழுதிவிட்டது.

வேறு சீட்டு கேட்டேன். அலுவலர் அம்மா பழையதைப் பார்த்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு பெருக்கல் குறி போதும் சார். நம்பர் போடற முறை இன்னும் வரலை. அது வரலாமான்னுதான் உங்களைக் கேக்கறோம்."

வரிசையில் கடைசியில் நின்ற மியூரியலின் சிரிப்பு கூடத்துக் கூரையைத் தூக்கி இரண்டங்குலம் தள்ளி வைத்தது.

வெளியே வந்ததும் கேட்டாள்: "உனக்குத்தான் அது ஆகவே ஆகாதே. அதுக்கு எதுக்குய்யா ரெண்டு போட்டே?"

"காலியா விட மனசு வரலை. பாவமா இருந்துச்சு."

"ம்" என்றாள். அந்த 'ம்' என் நெஞ்சில் சரளைக்கல்லாக இறங்கியது. என் பேருக்கு எதிரே அவள் போட்டதும் இந்தப் பாவ இரண்டுதானோ? தபால்பெட்டி அருகே நின்றுவிட்டேன்.

"மியூரியல், இன்னைக்குத் தேர்தல் வெச்சா?"

"ரகசிய வாக்கெடுப்பு, கிழவா" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள்.

மறுநாள் வானொலி சொன்னது: பழைய முறையே அமோகமாக வென்றுவிட்டது. புரூடென்ஸ் தன் ஜன்னலில் ஒட்டியிருந்த 'வேண்டும்' தாளைக் கிழிப்பது எங்கள் வீட்டிலிருந்து தெரிந்தது. எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை.

"ஜெயிச்சாச்சுல்ல? எடு அதை" என்றாள் மியூரியல். சுவரொட்டியை உரித்தேன். ஒரு வாரமாக ஓரத்து இடுக்கு வெளிச்சத்தைத் தேடி நாற்றுகள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவள் ஒவ்வொரு தொட்டியாகத் திருப்பி வைத்தாள். பிறகு தேநீர் ஊற்றி, எதிரில் உட்கார்ந்து, கிரீம் பிஸ்கட் ஒன்றை எடுத்துத் திருகினாள். கிரீம் முழுவதும் ஒரே பாதியில் ஒட்டிக்கொண்டது.

ஜன்னல் வழியே புரூடென்ஸைப் பார்த்துக் கையசைத்தாள். இன்னொரு கை, தான் செய்வது அவளுக்கே தெரியாததுபோல, கிரீம் இருந்த பாதியை மேசைக்குக் குறுக்கே என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.