நீராவி வளைந்த வீடு

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் மூன்றாம் மாடி வீட்டின் நீராவி நேராக மேலே போவதை நிறுத்திவிட்டது. தேநீர்க் கோப்பையிலிருந்தும் வெந்நீர் வாளியிலிருந்தும் கிளம்பி, பக்கவாட்டில் வளைந்து, அந்த வீட்டுச் சிறுமியை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகே ஜன்னல் வழியாக வெளியேறியது. ஃபேன் காற்றுதான் என்றான் அவள் அப்பா. அம்மா அதை நம்பவில்லை. அவள் வான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். இளம் நட்சத்திரங்களைச் சுற்றித் தட்டுபோல் பரந்து சுழலும் வாயுவை, பின்னாளில் கிரகங்களாக உருளப்போகும் அந்த வாயுவை, அளப்பது அவள் தொழில். அது ஒழுங்கான வட்டத்திலிருந்து கோணிக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நட்சத்திரம் பக்கத்தில் நின்று இழுப்பதாக இருக்கலாம்.

வீட்டிலும் தொழில்முறைப்படியே செய்தாள். ஃபேனை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், கதவிடுக்கில் துணியை அடைத்தாள். காரணம் சொல்ல முடிந்ததையெல்லாம் கழித்த பிறகும் வளைவு மிஞ்சியது. மகளுக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில், ஏதோ இருந்தது. கணக்குப் போட்டதில் அது மகளைவிடக் கனம் என்று வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஆபீஸை வீட்டுக்குத் தூக்கிட்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றான் கணவன். ஆனால் அன்றிலிருந்து அவனும் மகளின் இடது பக்கம் உட்காரவில்லை. சிறுமியோ நாளுக்கு நாள் அந்தப் பக்கமாகவே சாய்ந்து நடந்தாள். இப்படியே விட்டால் பிள்ளையை அது முழுசாக இழுத்துக்கொள்ளும் என்ற பயத்தில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில், தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று டாக்ஸி வரவழைத்தாள். மகளோடு உள்ளே பாய்ந்து, அது ஏறுவதற்குள் கதவை அறைந்து சாத்தினாள். வண்டி தெருமுனையில் திரும்பியதும் சிறுமி இருக்கையைவிட்டு எழும்பினாள். தலை கூரையில் முட்டியது. உடம்பு திறந்திருந்த ஜன்னலை நோக்கி நழுவியது. அம்மா கணுக்காலைப் பிடித்துத் தொங்கினாள். அது இழுத்துக்கொண்டிருந்ததால்தான் பிள்ளை இத்தனை நாளும் தரையில் நின்றாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“வண்டியை நிறுத்துங்கண்ணே, ஒரு ஆள் விட்டுப்போச்சு.”

கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். தூறல் தெருக்கோடியிலிருந்து வண்டியை நோக்கி வளைந்துகொண்டே வந்தது. இருக்கை ஒரு ஓரமாக அமுங்கியது. சிறுமி மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். ஓட்டுநர் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எல்லாரும் ஏறியாச்சாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அம்மா கதவை மெதுவாகச் சாத்தினாள்.

“இந்தப் பக்கம் தள்ளி உட்காரு கண்ணு,” என்றாள் மகளிடம். “அதுக்கு இடம் பத்தல.”